சூடான மசாலா ஒயினுக்கு எந்த பாட்டில் வாங்குவது?

கேள்வி கேட்ட சகோதரி ஓசூரில் இருக்கிறார். அவருடைய கணவர் ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டு இந்த வருடம்தான் ஊர் திரும்பியிருக்கிறார். அங்கே டிசம்பர் மாதக் கிறிஸ்துமஸ் சந்தைகளில் கையில் கோப்பையோடு நின்று குடித்த குளூவைன், அதாவது பட்டை, கிராம்பு, ஆரஞ்சு போட்டுச் சூடாக்கிய ஒயின், அவருக்கு மறக்கவே இல்லையாம். இந்தக் கிறிஸ்துமஸுக்கு அதை வீட்டில் செய்து கொடுக்க வேண்டும் என்கிறார். டாஸ்மாக்கில் கிடைப்பதில் எதை வாங்குவது, விலை கூடியதாகத்தான் இருக்க வேண்டுமா, 'போர்ட்' என்று போட்டிருக்கும் இனிப்பு ஒயின் சரிப்படுமா, வீட்டில் போடும் திராட்சை ஒயினிலேயே செய்யலாமா? இவைதான் அவர் கேட்டவை.

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். இனிப்பில்லாத, மரப் பீப்பாயில் ஊற வைக்காத, திராட்சை அறுத்து ஒன்றிரண்டு வருடத்துக்கு மேல் ஆகாத சிவப்பு ஒயின் வாங்குங்கள். ஷிராஸ் திராட்சை அதிகம் கலந்ததாக இருந்தால் மிகவும் நல்லது. நடுத்தர விலை போதும். விலை கூடக்கூட இந்த வேலைக்கு அது பொருத்தமில்லாமல்தான் போகும். பெங்களூரு ஓட்டல் ஒன்றில் ஒயின் பரிமாறும் வேலையில் நெடுங்காலம் இருந்தவன் நான். டிசம்பர் வந்தால் ஓசூர் பக்கத்து மத்திகிரியில் எங்கள் வீட்டிலும் இதைச் செய்வோம். அதனால் காரணங்களையும் விரிவாகவே சொல்கிறேன். காரணம் தெரிந்தால், கடையில் நான் சொன்ன பாட்டில் இல்லாதபோது நீங்களே வேறொன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

விலையுயர்ந்த சிவப்பு ஒயின் பலவற்றை ஓக் மரப் பீப்பாயில் மாதக்கணக்கில் வைத்திருந்துதான் பாட்டிலில் அடைப்பார்கள். பீப்பாயின் உட்புறத்தை நெருப்பில் வாட்டியிருப்பார்கள். அந்த மரத்திலிருந்து வனிலா வாசனையும், கூடவே யூஜினால் என்ற பொருளும் ஒயினில் இறங்கும். கிராம்புக்கு அந்த மணத்தைக் கொடுப்பதும் இதே யூஜினால்தான். ஒரு கிராம்பு செய்யும் வேலைக்காகப் பீப்பாய்க்கும், அது அடுக்கி வைத்திருந்த இடத்துக்கும், காத்திருந்த காலத்துக்கும் சேர்த்துக் காசு கொடுத்து வாங்கி, அதிலேயே நாம் மறுபடி நாலு கிராம்பைப் போடுகிறோம். மர வாசனையும் மசாலா வாசனையும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்து, நடுவில் திராட்சையின் ருசி காணாமல் போய்விடும். ஆகவே லேபிளில் 'ரிசர்வ்' என்றோ, ஓக்கில் வைத்தது என்றோ இருந்தால் அதை வேறொரு நாள் சாப்பாட்டோடு குடிக்க எடுத்து வையுங்கள்.

அடுத்தது துவர்ப்பு. சிவப்பு ஒயினுக்குத் துவர்ப்பு வருவது திராட்சைத் தோலிலும் விதையிலும் இருக்கும் டானினிலிருந்து. பட்டைக்கும் கிராம்புக்கும் சொந்தமாகவே ஒரு துவர்ப்பு உண்டு. ஒரு கிராம்பை வாயில் போட்டு மென்று பார்த்தால் நாக்கு இழுத்துக்கொள்வது தெரியும். ஆரஞ்சுத் தோலின் உள்பக்கத்து வெள்ளைப் பகுதி இதற்கு மேல் கசப்பையும் சேர்க்கும். ஏற்கெனவே துவர்ப்பு மிகுந்த ஒயினை எடுத்தால் எல்லாம் சேர்ந்து தாங்காது. தனி கேபர்னே சாவினியான் என்று போட்டிருக்கும் பாட்டில்களை நான் தவிர்ப்பது இதனால்தான். அந்தத் திராட்சையில் டானின் அதிகம். சரியாகப் பழுக்காமல் அறுத்திருந்தால் பச்சைக் குடைமிளகாய் வாசனை ஒன்றும் வரும். குளிர்ச்சியாகக் குடிக்கும்போது அதைப் பொறுத்துக்கொள்ளலாம். சூடாக்கி முகத்துக்கு நேரே ஆவி வரும்போது முடியாது.

ஷிராஸ் கதை வேறு. அதில் இயல்பாகவே ஒரு மிளகு வாசனை உண்டு. அது எங்கிருந்து வருகிறது என்பதை ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 2008-இல் கண்டுபிடித்துச் சொன்னார்கள். ரோட்டண்டோன் என்று அதற்குப் பெயர். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் மிளகுக்கு அந்த மணத்தைத் தருவதும் அதே ரோட்டண்டோன்தான். அப்படிப்பட்ட ஒயினில் பட்டையும் ஏலக்காயும் விழும்போது வெளியாள் வந்தது போல இருக்காது. அதோடு நம் நாட்டு வெயிலில் ஷிராஸ் நன்றாகப் பழுக்கும், நாவல் பழம் மாதிரியான அடர்த்தியான பழ ருசியும் கிடைக்கும். நாசிக்கிலிருந்து வரும் சூலா நிறுவனத்தின் ஷிராஸ் கேபர்னே கலவையோ, நந்திமலைப் பக்கத்துத் தொட்டபள்ளாபுரத்திலிருந்து வரும் க்ரோவர் நிறுவனத்தின் சாதாரண வரிசைக் கேபர்னே ஷிராஸோ கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம். கலவையில் இருக்கும் கேபர்னே பயப்படும்படி இருக்காது, ஷிராஸ் அதை அடக்கிவிடும். இரண்டும் இல்லையென்றால் மெர்லோ, ஜின்ஃபாண்டல் என்ற திராட்சை வகைகளில் செய்த ஒயின் இரண்டும் மென்மையானவை, நன்றாகப் பொருந்தும். ஜெர்மனியில் டோர்ன்ஃபெல்டர் போன்ற பழ ருசி தூக்கலான உள்ளூர்த் திராட்சைகளில் செய்வார்கள். அவற்றுக்கு மிக அருகில் வருவது நமக்குக் கிடைப்பதில் இவைதான்.

லேபிளில் இன்னொன்றும் பாருங்கள், ஆல்கஹால் சதவீதம். 12 முதல் 13.5 வரை இருந்தால் நல்லது. 14.5-ஐத் தாண்டினால் சூடான ஆவியில் ஸ்பிரிட் நெடி மூக்கில் ஏறும், பழ வாசனை அடிபடும்.

வருடம் பார்ப்பது எப்படி என்று பலருக்குக் குழப்பம் இருக்கிறது. ஐரோப்பாவில் திராட்சை அறுவடை செப்டம்பர், அக்டோபரில். நாசிக்கிலும் பெங்களூரு சுற்று வட்டாரத்திலும் ஒயின் திராட்சை அறுப்பது பெரும்பாலும் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. இந்த வருடம் அச்சிட்ட இந்திய பாட்டில் ஒன்றை டிசம்பரில் வாங்கினால், அது அறுத்துக் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆன ஒயின். அதுவோ, போன வருடத்து பாட்டிலோ நமக்குச் சரியானது. "ஒயின் பழசாக ஆகத்தான் ருசி" என்று நம் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அது அதற்கென்றே செய்து, குளிர்ந்த இருட்டறையில் படுக்க வைத்துக் காத்த சில ஒயின்களுக்குத்தான் பொருந்தும். கடை அலமாரியில் நாலு வருடம் நின்ற சாதாரண பாட்டிலுக்கு வயது ஏறியிருக்கும், ருசி ஏறியிருக்காது.

நம் மாவட்டத்துக்காரர்கள் இந்த இடத்தில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஓசூராவது கொஞ்சம் குளுமை. கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடுவது உண்டு. குளிர்சாதனம் இல்லாத கடையில், மேல் தட்டில், ஒரு கோடை முழுக்க நின்ற ஒயின் பாட்டிலுக்குள்ளேயே பாதி வெந்துபோயிருக்கும். பீரும் பிராந்தியும் வேகமாக நகரும். ஒயின் கேட்பவர்கள் குறைவு, அதனால் ஒரே பாட்டில் நெடுநாள் நிற்கும். சரக்கு வேகமாக நகரும் கடையாக, முடிந்தால் குளிர்சாதனம் உள்ள எலைட் கடையாகப் பார்த்து வாங்குங்கள். பாட்டிலைக் கையில் வாங்கியதும் தக்கை மேலே தள்ளிக்கொண்டு நிற்கிறதா, மூடியோரம் கசிந்து காய்ந்த கறை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சூட்டில் உள்ளே விரிந்திருக்கிறது என்று அர்த்தம், வேறு பாட்டில் கேளுங்கள். திருகு மூடி போட்ட பாட்டில் கிடைத்தால் இன்னும் நிம்மதி.

வீட்டுக்கு வந்ததும் அடுப்பைப் பற்ற வைக்கும் முன் ஒரு வாய் ஊற்றிக் குடித்துப் பாருங்கள். இதுதான் இந்தப் பதிலிலேயே முக்கியமானது என்று நினைக்கிறேன். மசாலா போட்டால் எந்த ஒயினும் சரியாகிவிடும் என்ற எண்ணம் தவறு. காடி வாசனையோ, நகப்பூச்சு வாசனையோ அடித்தால், சூடு பண்ணும்போது அது பல மடங்கு பெருகும். ஈர அட்டைப்பெட்டி வாசனை வந்தால் தக்கை கெட்டிருக்கிறது, அதையும் எந்தப் பட்டையாலும் மறைக்க முடியாது. விலை குறைந்த ஒயின் பரவாயில்லை, கெட்ட ஒயின் கூடாது. அப்படியே குடித்தால் 'சாதாரணம், ஆனால் குறையில்லை' என்று தோன்றும் ஒயின்தான் நமக்கு வேண்டியது.

சரி, போர்ட் என்று எழுதிய இனிப்பு ஒயின். நம் கடைகளில் எளிதாகக் கிடைப்பதும், பலர் முதலில் கை வைப்பதும் இதுதான். ஏற்கெனவே சர்க்கரை நிறைய இருப்பதால் இனிப்பை நம்மால் கட்டுப்படுத்த முடியாது. சூடேறினால் பாகு போல ஆகி, இருமல் மருந்து ஞாபகம் வரும். ஜெர்மனியில் குடித்தவருக்கு அது உடனே தெரிந்துவிடும். வேறு வழியே இல்லை, இது மட்டும்தான் கிடைத்தது என்றால் சர்க்கரையை அடியோடு விட்டுவிடுங்கள். ஒயினில் பாதி அளவு இனிப்புச் சேர்க்காத மாதுளைச் சாறும், ஒரு எலுமிச்சம்பழத்தின் சாறும் சேருங்கள். புளிப்பு வந்தால்தான் அந்த இனிப்புக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும். குடிக்கும்படி இருக்கும், அவ்வளவுதான்.

வெள்ளை ஒயினிலும் செய்யலாம். சொல்லப்போனால் ஜெர்மனியில் கிடைத்திருக்கும் மிகப் பழைய குளூவைன் செய்முறைகளில் ஒன்று, சாக்சனியில் 1834-இல் எழுதி வைத்தது, வெள்ளை ஒயினுக்கானதுதான். பட்டை, சுக்கு, சோம்பு வகை, ஜாதிக்காய், ஏலக்காய், குங்குமப்பூ என்று அந்தப் பட்டியலைப் படித்தால் நம் வீட்டு மளிகைச் சீட்டு மாதிரியே இருக்கும். வெள்ளையில் செய்வதானால் செனின் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சையில் செய்த ஒயின் எடுங்கள். இந்தியாவில் நிறையச் செய்கிறார்கள், கொய்யா, அன்னாசி மாதிரி ஒரு பழ வாசனை வரும், விலையும் கட்டுப்படி. சாவினியான் பிளாங்க் என்ற இன்னொரு வெள்ளைத் திராட்சையின் ஒயின் வேண்டாம், அதன் பச்சிலை வாசனை பட்டையோடு சண்டை போடும்.

வீட்டில் போடும் திராட்சை ஒயின் பற்றி அன்போடு ஒரு மாற்றுக் கருத்து. மத்திகிரியிலும் எலத்தகிரியிலும் கிறிஸ்துமஸ் ஒயினுக்கு ஒரு மரியாதை இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வீட்டில் மது புளிக்க வைப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. ருசி என்று பார்த்தாலும் அது இதற்குத் தோதுப்படாது. நம் பக்கம் அதற்கு எடுப்பது பெங்களூர் நீலம் என்கிற கருப்புத் திராட்சை. ஷிராஸ், மெர்லோ எல்லாம் ஐரோப்பியத் திராட்சை இனம். இது அமெரிக்க இனத்தைச் சேர்ந்தது, அதனால்தான் தோலைக் கடித்ததும் அந்தத் தனி வாசனை குப்பென்று அடிக்கிறது. பழமாக எனக்கு மிகவும் பிடித்தது. ஒயினாகப் புளித்து, பிறகு சூடும் ஏறினால் அந்த வாசனை மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும்.

அந்தத் திராட்சைக்கு வேறு நல்ல வேலை இருக்கிறது. வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள், மது தொடாத பெரியவர்கள் இருப்பார்கள். ஜெர்மன் சந்தைகளிலும் அவர்களுக்கென்று மது இல்லாத சூடான பழச்சாறு தனியாக விற்பார்கள். ஒரு கிலோ பெங்களூர் நீலத்தைக் கழுவி, அரை டம்ளர் தண்ணீர் விட்டுத் தோல் வெடிக்கும்வரை வேக வைத்து, விதை உடையாமல் மசித்து வடிகட்டுங்கள். அதில் இதே மசாலாவும், ஆரஞ்சுச் சாறும், கொஞ்சம் எலுமிச்சையும் சேர்த்துச் சூடாகக் கொடுங்கள். இதைக் கொதிக்க விடலாம், தப்பில்லை. பல வருடம் எங்கள் வீட்டில் முதலில் காலியாவது இந்தப் பாத்திரம்தான்.

இனி செய்யும் முறை. இதில் ஒயின் கெடாமல் பார்த்துக்கொள்வதுதான் முழு வேலையும். ஒரு 750 மில்லி பாட்டிலுக்கு 50 கிராம் வெள்ளைச் சர்க்கரை, இரண்டு ஆரஞ்சு, விரல் நீளத்தில் ஒரு பட்டை, நாலு கிராம்பு, ஒரு அன்னாசிப்பூ, தட்டிய ஏலக்காய் இரண்டு. கிடைத்தால் இலங்கையிலிருந்து வரும் மெல்லிய சுருள் பட்டையாக வாங்குங்கள். பிரியாணிக்குப் போடும் தடித்த பட்டை காரமும் துவர்ப்பும் கூடியது, அதுதான் இருக்கிறது என்றால் பாதியே போதும். எல்லாம் முழுதாகவே இருக்கட்டும், பொடி போட்டால் கலங்கி அடியில் மண்டியாகத் தங்கும். ஆரஞ்சுத் தோலை வெள்ளைப் பகுதி வராமல் மெல்லியதாகச் சீவிக்கொள்ளுங்கள். வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் நம் பக்கத்தில் அருமையாகக் கிடைக்கும், ஆனால் இதற்கு வேண்டாம். நிறத்தை மங்கலாக்கி, லேசான உப்பு ருசியையும் கொண்டுவந்துவிடும். தேன் சேர்க்கலாம்.

பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். ஒயின் புளிப்பான பொருள், அலுமினியத்திலும் இரும்பிலும் ஈயம் பூசாத பித்தளையிலும் வைத்தால் உலோக ருசி ஏறும். அதில் ஆரஞ்சுச் சாறு, சீவிய தோல், சர்க்கரை, மசாலா எல்லாவற்றையும் போட்டு, பாட்டிலிலிருந்து ஒரு சிறு கிண்ணம் ஒயினை மட்டும் ஊற்றி, சிறு தீயில் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். மசாலாவின் சாரமெல்லாம் இந்தக் கொஞ்சத்திலேயே இறங்கிவிடும். அதன் பிறகு மீதி ஒயினை ஊற்றினால் அதை வெறுமனே சூடாக்கினால் போதும், கொதிக்க வைக்கத் தேவையே இல்லை.

எவ்வளவு சூடு? சுத்த ஆல்கஹாலின் கொதிநிலை சுமார் 78 டிகிரி. அதற்காக 77-இல் ஒன்றும் போகாது, 79-இல் எல்லாம் போய்விடும் என்று இல்லை. சூடு ஏற ஏற ஆல்கஹாலும் வாசனையும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டேதான் இருக்கும், கொதித்தால் வேகமாகப் போகும். 70 டிகிரி பக்கம் நிறுத்துவது நல்லது. வெப்பமானி இல்லையென்றால் கவலை வேண்டாம். ரசத்தை நுரை கூடுவதற்குள் இறக்கத் தெரிந்தவர்களுக்கு இதுவும் கைவரும்: மேலே ஆவி பறக்க வேண்டும், ஓரத்தில் ஒரு குமிழி கூட வரக் கூடாது. அந்த நிலையில் பத்துப் பதினைந்து நிமிடம் மூடி வைத்துவிட்டு, மசாலாவை வடித்து எடுத்துவிடுங்கள். உள்ளேயே கிடந்தால் கிராம்பு நாக்கை மரத்துப்போக வைத்துவிடும். ருசி பார்த்து, தேவைப்பட்டால் இன்னும் 25 கிராம் சர்க்கரை சேருங்கள். ஜெர்மன் சந்தைகளில் விற்பது நல்ல இனிப்பாகவே இருக்கும், உங்கள் கணவர் அந்த ருசியைத்தான் எதிர்பார்ப்பார். தண்ணீர் மட்டும் சேர்க்க வேண்டாம். குளூவைன் என்ற பெயரில் விற்பதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியே தண்ணீர் சேர்க்கக் கூடாது, 7 சதவீத ஆல்கஹாலாவது இருக்க வேண்டும் என்கிறது.

ஒயினில் நம் மிளகு இரண்டைத் தட்டிப் போடலாமா என்று சிலர் தயங்குவார்கள். தாராளமாகப் போடலாம். பழைய ரோமானியர்களே தேனும் மிளகும் சேர்த்து ஒயினைச் சூடாக்கிக் குடித்தவர்கள், அந்த மிளகு சேர நாட்டு முசிறித் துறைமுகத்திலிருந்து கப்பலேறிப் போனது. அவர்கள் ஒயின் கொண்டுவந்த சாடிகளின் துண்டுகள் புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டில் தோண்டக் கிடைத்திருக்கின்றன. ஷிராஸோடு மிளகு அத்தனை இயல்பாகச் சேரும்.

கர்நாடக எல்லையான அத்திப்பள்ளி பக்கத்தில்தானே இருக்கிறது, பெங்களூருவில் வகை அதிகம், அங்கிருந்து நாலு பாட்டில் கொண்டுவந்துவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். அனுமதி இல்லாமல் வேறு மாநில மது கொண்டுவந்தால் சோதனைச் சாவடியில் வழக்காகிவிடும். இந்தப் பானத்துக்கு அபூர்வமான பாட்டில் எதுவும் தேவையில்லை என்பதைத்தான் இவ்வளவு நேரம் சொன்னேன், ஓசூர்க் கடையிலேயே தேடுங்கள். டிசம்பர் கடைசி வாரம் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே வாங்கி, வீட்டில் அடுப்புப் பக்கம் இல்லாத இருட்டான அலமாரியில் வையுங்கள்.

இன்னொன்று. இனிப்பும் சூடும் சேர்ந்து இது மது என்பதையே மறைத்துவிடும், வேகமாக உள்ளே போகும். ஒரு பாட்டிலில் 150 மில்லி கோப்பையாக ஐந்து அல்லது ஆறு வரும், ஆளுக்கு ஒன்று போதும். வண்டி ஓட்டப் போகிறவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் திராட்சைச் சாறு இருக்கிறது.

மீந்துவிட்டால் ஆற வைத்து, கண்ணாடி பாட்டிலில் விளிம்பு வரை ஊற்றி மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரண்டு மூன்று நாள் தாங்கும். மறுபடி சூடாக்கும்போது குடிக்கிற அளவை மட்டும் எடுத்துச் சூடாக்குங்கள், மொத்தத்தையும் திரும்பத் திரும்ப அடுப்பில் ஏற்ற வேண்டாம்.